ஒன்றரை சென்டி குறைந்த கதவுகள்

போடியில் ஏலக்காய் ஸ்டோர்களுக்கு உலர்த்தும் தட்டு அடித்தவன் நான். சின்னமனூரில் அரிசி ஆலைக்குக் கூரைச் சட்டம் ஏற்றியவன் நான். கூடலூரில் ஒரு டூரிங் டாக்கீஸுக்கு பெஞ்சு போட்டுக் கொடுத்தேன். படத்தைத் திட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் உண்டு, பெஞ்சைத் திட்டிக்கொண்டு வந்தவன் ஒருவன் இல்லை. வடுகபட்டியில் பூண்டு வியாபாரி ஒருவர் வீட்டுக்கு மாடிப்படி செய்தேன். மாமியாரும் மருமகளும் முகம் பாராமல் ஒரே நேரத்தில் ஏறி இறங்கலாம், அவ்வளவு அகலம். லாரிக்குப் பாடி கட்டியிருக்கிறேன். கல்யாண மண்டபத்துக்கு மேடை கட்டியிருக்கிறேன். வெள்ளத்தில் போன வாய்க்கால் மதகுக்கு ஒரே பகலில் பலகை இறக்கியிருக்கிறேன்.

இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்தது. தச்சுக் குடும்பத்தில் பிறந்தவனும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நெல்லும் வாழையும்தான். தேனி மர டிப்போவில் தடி உருட்டப் போனவன், ஓய்ந்த நேரத்தில் ஒரு பழைய உளியை வைத்துத் துண்டுக் கட்டைகளைக் கொத்திப் பழகினேன். "உழுகிற கைக்கு உளி எதுக்குலே?" என்று அங்கே கேட்காத ஆள் இல்லை. அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் பிற்பாடு என் பட்டறையில் சம்பளம் வாங்கினார்கள். நான் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் இவையெல்லாம் ஒரு பக்கம். நான் செய்ததிலேயே பெரிய காரியம் வேறு ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கில் மரவேலையை இஞ்சிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து மில்லிமீட்டரில் நிறுத்தியவன் நான். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும், முதலில் நடந்ததைக் கேட்கட்டும்.

சுற்றிலும் எல்லா அளவும் மாறியது. சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. அணா போய்ப் புதுப்பைசா வந்தது. துணிக்கடையில் கஜக்கோலை எடுத்துவிட்டு மீட்டர் கட்டை வைத்தார்கள். மரவேலைக்காரனை மட்டும் யாரும் தொடவில்லை. தடியைக் கன அடியில் வாங்கினோம், பலகையை இஞ்சில் அறுத்தோம். இஞ்சுக்குக் கீழே நூல் என்று ஓர் அளவு வைத்திருந்தோம். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் இஞ்சு. "ரெண்டு இஞ்சு மூணு நூல்" என்று ஒருவன் இந்தக் கோடியிலிருந்து கத்தினால் அந்தக் கோடியில் ரம்பம் ஓடும். எழுபதுகள் பிறக்கும்வரை எங்கள் பட்டறையில் மீட்டர் என்றால் சுவரில் தொங்குகிற கரண்டு மீட்டர்தான்.

அந்தச் சமயத்தில்தான் உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தார் பெண்பிள்ளைகளுக்கு விடுதி கட்டினார்கள். மலைமேல் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் கீழே தங்கிப் படிக்க. மடத்துத் தலைவியை எல்லாரும் மதர் என்றுதான் சொல்வோம். கதவு ஜன்னல் வேலையை மதுரைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. அதுவரை நான் செய்த வேலையெல்லாம் வேறு ஒரு காண்டிராக்டருக்குக் கீழே, அவர் பேரில். வேலை என்னுடையது, போர்டு அவருடையது. இது ஒன்றையாவது என் பேரில் எடுத்துவிட வேண்டும் என்று பஸ் ஏறிப் போய் மதர் முன்னால் நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படம் எல்லாம் மில்லிமீட்டர்ல போட்டிருக்கு. உங்களுக்கு மில்லிமீட்டர் தெரியுமா?"

"தண்ணி பட்ட பாடு, மதர்."

அப்போது எனக்கு மில்லிமீட்டர் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

மதர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது. முதல் நாளே பிள்ளைங்க பெட்டியோட வந்துரும். கதவு அடைக்காத ரூம்ல பொம்பளப் பிள்ளையப் படுக்க வைக்க மாட்டேன். அன்னைக்குக் கதவு அடைக்கலைன்னா வந்த பஸ்லயே திருப்பி அனுப்பிட்டு மதுரைக்காரங்களக் கூப்பிட்டுருவேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பிள்ளைகள் திரும்பிப் போனால் அதோடு என் பேரும் போகும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து குமுளி வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் மறுபடியும் இன்னொருவன் போர்டுக்குக் கீழே போய் நிற்க வேண்டியதுதான்.

படத்தைக் கொண்டுவந்து பட்டறையில் விரித்தேன். என் வீட்டுக்காரியின் அண்ணன் எங்கள் பட்டறையில்தான் மேஸ்திரி. எனக்கு முன்பே மதுரையில் தொழில் பழகியவர். அந்தப் பெருமையை இறக்கி வைக்காமலே சாப்பிடுவார், தூங்குவார். படத்தைக் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, உசரம் ரெண்டாயிரம்னு போட்டிருக்கு. கதவு விடுதிக்கா, கோயில் கோபுரத்துக்கா?"

"அது மில்லி மச்சான். பத்து மில்லி ஒரு சென்டி. ரெண்டு பூஜ்யத்த... இல்ல, ஒரு பூஜ்யத்தத் தூக்கிட்டா சென்டி."

"மொதல்ல நீ ஒரு முடிவுக்கு வா. பெறகு நான் ரம்பத்த எடுக்கேன்."

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நிலைச்சட்டங்களைக் கட்டடத்திலேயே இருந்து நான் செய்வது, சுவரில் வைத்துக் கொத்தனாரைப் பூசச் சொல்வது. கதவுப் பலகைகளைத் தேனிப் பட்டறையில் மச்சான் செய்து லாரியில் ஏற்றி வருவது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே ஜவுளிக்கடைக்குப் போனேன். துணி அளக்கிற மீட்டர் கட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நடுவில் சர்க்கார் முத்திரை. அதில் இஞ்சு என்கிற பேச்சே கிடையாது. பத்துப் பத்து சென்டிக்குக் கோடு இருந்தது, அதற்கு நடுவே பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்து நானே கோடு கீறிக்கொண்டேன். "யோவ், நிலைக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கொத்தனார் கேட்டார். தைத்துத்தான் காட்டினேன். நிலைகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. விடுதி வேலையைப் பார்க்க வந்த ஓவர்சியர், கல்லூரி முடித்துப் புதிதாக வந்த இளவட்டம், தன் டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் பாராட்டிவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

மே மாதக் கடைசியில் கதவுகளோடு லாரி வந்தது. லாரி முன்னால் டிரைவர் பக்கத்தில் மச்சான் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தேக்குப் பலகைகளைச் சேர்த்து, பின்னால் குறுக்குச் சட்டம் அடித்து, இழைத்து வழவழப்பாக்கிய கதவுகள். குறை சொல்ல முடியாத கைவேலை. முதல் கதவைத் தூக்கி நிலையில் வைத்தோம்.

கதவு அதுபாட்டுக்கு உள்ளே போனது. போய், அந்தப் பக்கமாக வெளியே வரப் பார்த்தது.

பக்கவாட்டில் ஒரு விரல் சந்து. தலைக்கு மேலேயும் ஒரு விரல் சந்து. அடுத்த கதவை வைத்தோம், அதுவும் அப்படியே. ஜன்னல் கதவை எடுத்து வைத்தேன், அதுவும்.

மேற்கே மலைக்கணவாயிலிருந்து அந்த மாதம் கிளம்புகிற காற்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சாரலையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தச் சந்தில் அது புகுந்து விசிலடித்தது.

ஓவர்சியர் அங்கேதான் நின்றார். "என்ன மேஸ்திரி, லாரியில வர்ற வழியில கதவு இளைச்சுப் போச்சா? மதுரைக்குத் தந்தி அடிக்கச் சொல்லட்டுமா?"

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "நெலையத்தான் பெருசா வச்சிருக்காக!"

"நெலைய நேத்தே அளந்தாச்சு" என்றார் ஓவர்சியர்.

"அப்ப மரம் காயல. சுருங்கிருச்சு. நான் அப்பவே சொன்னேன் மாப்ள, இந்த மரம் பச்சை வாடை அடிக்குதுன்னு."

"என்னைக்குச் சொன்னீங்க மச்சான்?"

"மனசுல சொன்னேன்."

எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பேசாமல் மீட்டர் கட்டையை எடுத்து ஒவ்வொரு கதவாக வைத்துப் பார்த்தேன். தொண்ணூறு சென்டி இருக்க வேண்டிய கதவு எண்பத்தெட்டரை. நாற்பது சென்டி இருக்க வேண்டிய ஜன்னல் கதவு முப்பத்தெட்டரை. உயரத்திலும் அதே ஒன்றரைதான் குறை. மரம் சுருங்கியிருந்தால் பெரியது நிறையச் சுருங்கும், சின்னது கொஞ்சம் சுருங்கும். நெடுக்குவாட்டில் சுருக்கமே தெரியாது. அதென்ன, பெரிய கதவும் சின்னக் கதவும், உயரமும் அகலமும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றரை ஒன்றரை குறைவது? இது மரம் செய்த வேலை இல்லை. கை செய்த வேலை.

"மச்சான், இந்தப் பலகைய எனக்கு ஒருக்கா அளந்து காட்டுங்க."

"எனக்கே பரிச்சையா?"

"பரிச்சை இல்ல. உங்க கையப் பாத்து நாளாச்சு. காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். புது இரும்பு டேப். மேல் ஓரத்தில் இஞ்சு, கீழ் ஓரத்தில் சென்டிமீட்டர். அதை இழுத்துப் பலகையில் வைத்தார். நான் அவர் இடதுகைக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? டேப்பின் நுனியில் இல்லை. ஓர் இஞ்சுக் கோட்டில்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து மடக்குக்கோல் நாள்பட நாள்பட முனை தேய்ந்துவிடும். தேய்ந்த முனையிலிருந்து அளந்தால் தப்பு வரும். அதனால் எங்கள் ஆட்கள் முதல் இஞ்சை விட்டுவிட்டு ஒன்றாம் கோட்டிலிருந்து அளப்பார்கள். கடைசியில் வந்த கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். இரும்பு டேப் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் அதன் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடும். அது ஆடுவதற்கென்றே செய்தது, கொக்கித் தகட்டின் கனத்துக்கு இடம் விட. அது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆடுகிற எதையும் தச்சன் நம்பமாட்டான்.

மச்சான் அதே பழக்கத்தில் கட்டைவிரலை மேலே இஞ்சுக் கோட்டில் வைத்தார். அந்தக் கோடியில் கண்ணைக் கீழே இறக்கிச் சென்டியைப் படித்தார். "தொண்ணூத்தி ஒண்ணு. ஒண்ணக் கழிச்சா தொண்ணூறு. இந்தா, சரியாத்தான இருக்கு?"

விட்டது ஓர் இஞ்சு. கழித்தது ஒரு சென்டி. ஓர் இஞ்சில் இரண்டரைச் சென்டி இருக்கிறதே, மீதி ஒன்றரை எங்கே? அங்கே நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விசிலடித்துக்கொண்டிருந்தது.

நான் அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார்.

"ஒரே டேப்புல ரெண்டு தேசத்து அளவ அச்சடிச்சது எந்தப் பய?" என்றார். டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கப் படித்தவருக்கும் தோன்றவில்லை, மதுரையில் தொழில் பழகிய மச்சானுக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது. இருந்ததைச் சொல்கிறேன்.

சாயங்கால பஸ்ஸில் தேனிக்கு வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது இரண்டு வார்த்தை கூடப் போயிருக்கலாம். வீட்டுக்காரி சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

"ஆத்தா! எங்கண்ணனக் குத்தஞ் சொல்லாட்டி ஒங்களுக்குச் சோறு செமிக்காதே. கதவுக்கு வழி என்னன்னு யோசிங்க. விரல் எங்கன இருந்துச்சுன்னு யோசிச்சது போதும்."

வழியை நான் பஸ்ஸிலேயே யோசித்து முடித்திருந்தேன். கதவில் தேக்கு ஒட்டுப் போட்டால் ஒட்டு என்று தெரியும். சட்டைக் கிழிசலில் அதே துணியை வைத்துத் தைத்த மாதிரி. புதுக் கதவு செய்ய மரமும் இல்லை, நாளும் இல்லை. அதனால் கதவைத் தொடவே கூடாது. நிலையைச் சின்னதாக்க வேண்டும். நிலையின் உள்வாயில் மூன்று பக்கமும் வேறு மரத்தில் ஒரு பட்டை வைத்து இழைத்துவிட்டால், குறையை மறைத்தது மாதிரி இருக்காது, வேண்டும் என்றே வைத்த அலங்காரம் மாதிரி இருக்கும்.

மறுநாள் காலை டிப்போவுக்குப் போனேன். குமுளிப் பக்கமிருந்து மரம் இறக்குகிற சேட்டன் என்னைக் கண்டதும் கையை விரித்தார். "தேக்கு தீர்ந்நு போயி. ப்லாவு உண்டு." தேக்கு தீர்ந்துவிட்டது, பலா இருக்கிறது என்கிறார். நான் தேக்கே கேட்கவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே என் கண் பலாவுக்குப் போயிருந்தது. நன்றாகக் காய்ந்த பலா, மஞ்சளென்றால் மஞ்சள், தாலிக் கயிறு மாதிரி.

ஒற்றைக் கதவு நிலைக்குப் பக்கத்துக்கு ஏழரை மில்லி, தலைக்குப் பதினைந்து மில்லி. ஜன்னலுக்கு இரட்டைக் கதவு, இரண்டிலும் குறை, அதனால் பக்கத்துக்கும் பதினைந்து. இதையெல்லாம் நூலில் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மில்லியில் சொன்னால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. அன்றைக்குத்தான் எனக்கே மில்லிமீட்டர் மேல் ஆசை வந்தது. பட்டைகளை நானே அறுத்தேன், நானே இழைத்தேன். மச்சானைக் கீல் மாட்டச் சொன்னேன். நீளமான திருகாணி போட்டு, பட்டையையும் தாண்டி நிலைக்குள் இறக்கினார். அவர் கை சுத்தம், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதல் அறை முடிந்ததும் மதரைக் கூப்பிட்டேன். மூடி மறைக்கவில்லை. கதவு குறைந்த கதையை அப்படியே சொன்னேன். அவர் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா அழகு எனக்கு வேண்டாம். பெத்தவங்க எங்கிட்ட கேக்கிறது ஒண்ணுதான், கதவு நல்லா அடைக்குமான்னு."

சொல்லிவிட்டு மடத்திலிருந்து ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொன்னார். வெளியே காற்று, நிற்கிறவர்களின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. மதர் அறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் தரையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக் கதவை அடைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். மச்சான் என் காதருகே வந்து, "மாப்ள, அணைஞ்சுட்டா நான் இப்படியே கம்பத்துக்குப் போயிருவேன், தங்கச்சிட்ட நீயே சொல்லிக்க" என்றார். ஓவர்சியர் சிகரெட்டைப் பற்றவைக்காமலே விரலில் வைத்திருந்தார். காற்று கதவில் மோதியது. விசில் இல்லை.

தாழ்ப்பாள் திறந்தது. மதர் எரிகிற மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசலைத் தாண்டியதும் காற்று அதை அணைத்தது.

"ஆடவே இல்ல. மத்த ரூமையும் இதே மாதிரி முடிங்க" என்றார்.

முடித்தோம். ஜூனில் பிள்ளைகள் தகரப்பெட்டியும் பாயுமாக பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அத்தனை கதவும் அடைத்தது. ஒரு பிள்ளை திரும்பிப் போகவில்லை. ஒரு தகப்பனார் கதவை நாலு தரம் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, "கதவு யாரு போட்டாக?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மகள் இருந்த பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார், பதிலுக்கு நிற்கவில்லை.

திறப்பு விழாவில் ஓவர்சியர் மைக்கைப் பிடித்தார். இந்தப் பள்ளத்தாக்கிலேயே முழுக்க முழுக்க மெட்ரிக் அளவில் எழுந்த முதல் கட்டடம் இதுதான் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பிறகுதான் யோசித்தேன். செங்கல் சூளைக்காரன் போட்டது பழைய இஞ்சுக் கல். கொத்தனார் சுவரை ஒன்பது இஞ்சு என்றுதான் கடைசிவரை சொன்னார். கூரை போட்ட ஆசாரி ஓட்டுச் சட்டத்தை அடிக்கணக்கில் அறுத்தார். அதையெல்லாம் ஓவர்சியர் பேப்பரில் மில்லிமீட்டராக மாற்றி எழுதிக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் மில்லிமீட்டரில் அளந்து, மில்லிமீட்டரில் தப்பி, மில்லிமீட்டரிலேயே சரிசெய்தது எங்கள் கதவும் நிலையும் மட்டும்தான்.

விழா முடிந்த வாரமே பட்டறையில் இருந்த டேப்புகளையெல்லாம் சேர்த்தேன். கறுப்பு எனாமல் பெயிண்டை எடுத்து, மேல் ஓரத்து இஞ்சுகளை முழுக்கப் பூசி மறைத்தேன். மச்சான் துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி நின்று பார்த்தார். "மாப்ள, ஒண்ணே ஒண்ண விட்டு வையி, ஆசைக்கு" என்றார். விடவில்லை. முதல் கோட்டை விட்டு அளக்கிறவன் பத்துச் சென்டியை விட்டு அளக்க வேண்டும், பத்தைக் கழிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். நுனியில் பித்தளைப் பூண் வைத்து மீட்டர் கட்டைகள் நாங்களே செய்தோம். முதலில் சிரித்த பட்டறைக்காரர்கள் பிறகு ஒரு கட்டை செய்து தரச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். எண்பதுகள் வந்தபோது சின்னமனூரில், கம்பத்தில், போடியில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் மேல் ஓரம் கறுத்த டேப் ஒன்று ஆணியில் தொங்கும். தடியைக் கன அடியில்தான் வாங்கினோம், அதை என்னாலும் மாற்ற முடியவில்லை. பட்டறைக்குள் வந்தபிறகு எல்லாம் மில்லிதான்.

இவ்வளவையும் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. சமீபத்தில் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். கதவுகள் அப்படியே இருக்கின்றன. பலாப்பட்டை மஞ்சள் மாறிச் செம்பழுப்பு ஏறியிருக்கிறது. நான் போனபோது காற்று அடித்தது, விசில் கேட்கவில்லை. வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர் பேர் இருக்கிறது. பிளான் போட்டவர் பேர் இருக்கிறது. மேற்பார்வை என்று ஓவர்சியர் பேர் இருக்கிறது. கொத்தனார் பேர்கூட இருக்கிறது. கதவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கதவு தானாக முளைத்து வந்த மாதிரி.

கட்டடம் இருந்து என்ன, கதவு அடைக்கவில்லை என்றால் அந்த ஜூனில் ஒரு பிள்ளை அங்கே படுத்திருக்காது. இது மதருக்குத் தெரியும், ஓவர்சியருக்கும் தெரியும். கல்லுக்குத்தான் தெரியவில்லை. கடைசி வரிக்குக் கீழே அறுபத்தைந்து மில்லி இடம் காலியாகக் கிடக்கிறது. நானே அளந்து பார்த்தேன். ஒரு வரிக்குத் தாராளமாகப் போதும். கதவு, ஜன்னல் என்று வெட்டி, பக்கத்தில் என் பேரை இனிஷியலோடு முழுசாக வெட்டவேண்டும். கல் தச்சனுக்குக் கூலி நான் கொடுத்துக்கொள்கிறேன். மச்சான் பேரையும் போடச் சொல்லி வீட்டில் சண்டை நடக்கிறது. இடம் மிஞ்சினால் போடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பேர் முதலில்.